சும்மா இருப்பவளின் மதியம்

இன்று சான் ஹோசே இந்தியன் ஸ்டோரில் என் கணவரின் அலுவலக நண்பர் ரவியைப் பார்த்தேன். அவர் மனைவிக்கு வேலை கிடைத்துவிட்டதாம்.

"நீங்க வீட்டுல சும்மாத்தானே இருக்கீங்க? எங்க பாப்பாவையும் பாத்துக்கோங்க. டேகேர் செலவு மிச்சம்."

என் மகன் தூங்கும் மதியத்தில்தான் மேற்படிப்புத் தேர்வுக்குப் படிக்கிறேன், வேறு நேரமே இல்லை என்றேன்.

"அதெல்லாம் ராத்திரி படிச்சுக்கலாம்."

உங்கள் வீட்டுத் தோட்டத்துப் புல்லை நீங்களே வெட்டுகிறீர்களா என்று கேட்டேன்.

"ஆள் வெச்சிருக்கேன். அந்த நேரத்துல நான் கம்ப்யூட்டர்ல கோட் எழுதினா எவ்வளவு வரும்? அப்படிக் கைவிட்டுப் போற வருமானத்துக்கு ஆப்பர்ச்சுனிட்டி காஸ்ட்னு எகனாமிக்ஸ்ல பேரு, தெரியுமா?"

தெரியும், அதில்தான் எம்.ஏ. வாங்கினேன், அதனால்தான் முடியாது என்றேன்.

"உதவி பண்ற மனசு வேணும்ங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புல்லுக்குக் கூலி கொடுப்பவர் பிள்ளைக்கு மட்டும் மனசு தேடுகிறார். உங்கள் பக்கம் இப்படி எத்தனை மேதைகள்?