இரண்டு உள்ளங்கைக்கு நடுவே ஒரு டம்ளர் டீ

2006ஆம் வருடம், மழைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது. இடம், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகும் ரோட்டோரம் இருக்கும் என் மாட்டுக் கொட்டகை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் ரெண்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒரே ஒரு கிழட்டு எருமையை வைத்துப் பிழைப்பை ஆரம்பித்து, அந்த வருடத்தில் ஆறு கறவை மாடும் மாடி வீடுமாக நின்றேன். சுற்றிலும் உள்ள கம்பெனி கேண்டீன்களில் என் பாலில்தான் டீ. பேங்கில் மேனேஜர் எழுந்து நாற்காலி காட்டுவார். இது யார் கொடுத்ததும் இல்லை, இந்த இரண்டு கை சம்பாதித்தது. நான் கறந்தால் பால் விழும் சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும் என்று ஊரில் சொல்வார்கள். கறக்கும்போது வெளியாள் கண் படக்கூடாது என்று கொட்டகை வாசலில் கோணி தைத்துத் தொங்கவிட்டிருந்தேன். அந்தக் கோணிக்கு உள்ளே நானும் என் மனைவியும், எப்போதாவது மாட்டு வைத்தியரும் தவிர யாரும் வந்தது கிடையாது.

அந்த வருடம்தான் சிக்குன்குனியா வந்தது. பேரைக் கேட்டுப் பயந்து பாதி ஊர் கோழிக்கறியை விட்டது. அப்படியும் காய்ச்சல் விடவில்லை. எனக்கு ஒரு மத்தியானம் குளிர் எடுத்தது. சாயங்காலம் சட்டைப் பொத்தானைக் கழற்ற முடியவில்லை. விரல்கள் இஞ்சிக் கிழங்கு போல வீங்கிவிட்டன. காலையில் கட்டிலிலிருந்து பாதத்தை இறக்கித் தரையில் வைத்தால் நெருப்பை மிதித்த மாதிரி இருந்தது. குழாயைத் திருக முடியாது, சோற்றைப் பிசைய முடியாது. பொன்னேரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், டைபாய்டும் சேர்ந்திருக்கிறது என்றார். ஊரில் எல்லோருக்கும் ஒரு காய்ச்சல், எனக்கு இரண்டு. அதையும் நான் வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமையாகத்தான் சொன்னேன்.

காய்ச்சல் இறங்கியும் வலி போகவில்லை. வலியை விடக் களைப்புதான் என்னை உடைத்தது. கட்டிலிலிருந்து கொட்டகை வரை நடந்தால் மூட்டை சுமந்தவன் மாதிரி உட்கார வேண்டும். என் மனைவிக்கும் அதே கதி. மகன் வெளிநாட்டில். தெருவில் கறக்கத் தெரிந்த அத்தனை பேரும் இடுப்பு வளைந்து சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தார்கள்.

ஐந்து மாடுகளுக்குக் கன்று இருந்தது, அவிழ்த்து விட்டேன், குடித்துக்கொண்டன. செவலைக்கு மட்டும் கன்று இல்லை. பிறந்ததும் செத்துவிட்டது. அவள்தான் என் கொட்டகையில் அதிகம் கறக்கிற மாடு. நானும் மனைவியும் மாற்றி மாற்றி முயன்றோம். காம்பைப் பிடித்து அழுத்தினால் கண்ணில் தண்ணீர் வருகிறதே தவிர, பால் வரவில்லை. மடி கல்லாக இறுகிவிட்டது. ஊசி போட வந்த மாட்டு வைத்தியர், பாலை வெளியே எடுக்காவிட்டால் மடி கெட்டுவிடும், அப்புறம் இது கறவை மாடு இல்லை என்று சொல்லிவிட்டார். அடிமாட்டுக்காரன் ஒருவன் அன்று சாயங்காலமே வந்து வேலி ஓரம் நின்று பார்த்துவிட்டுப் போனான். 

மறுநாள் காலை செவலை கத்திக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று கோணியைத் தோளால் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். முப்பது வயது இருக்கும். நீலக் கோட்டு, கழுத்தில் கம்பெனி அட்டை. எதிரே கம்பெனி வண்டிக்கு நிற்கிறவர்களில் ஒருத்தி.

"இன்னா நைனா, மாடு இந்த அயுவு அயுவுது, நீ பாட்டுக்கு குந்திக்கினு கீற?"

"யாரும்மா நீ? உள்ள வரக்கூடாது."

"வந்துட்டேனே. மடி கல்லாட்டம் கீது பாரு. எங்க ஊட்லயும் மாடு இருந்துச்சு, இந்தக் கத்தல் எனுக்குத் தெரியும்."

நான் இரண்டு கையையும் காட்டினேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வண்டி ஆரன் அடித்தது. கோணிக்கு வெளியே தலையை நீட்டி, "நீங்க போங்கடி, நான் ஷேர் ஆட்டோல வந்துக்கறேன்" என்று குரல் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

செவலை புது ஆளை உதைப்பாள். அதனால் என் மனைவியின் பழைய புடவை ஒன்றை, மாட்டுக்குப் பழகிய வாசனைக்காக, அந்தப் பெண்ணை மேலே சுற்றிக்கொள்ளச் சொன்னோம். "எங்க மாமியாருகூட எனுக்கு ஒரு பொடவ குடுத்ததில்ல" என்று சொல்லிக்கொண்டே சுற்றிக்கொண்டாள். நான் செவலையின் கழுத்தில் சாய்ந்து பேச்சுக் கொடுத்தேன். அந்தப் பெண் வெந்நீர் கேட்டு வாங்கி, மடியைக் கழுவி, கறக்க உட்கார்ந்தாள்.

முதலில் பால் திரிந்து கட்டி கட்டியாக வந்தது. பிறகு மடி இளகியது. கொஞ்சம் கறப்பாள், நிறுத்துவாள், வெந்நீரில் கையை முக்குவாள், மறுபடி கறப்பாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாம்மா, கறக்கறியா, தடவிக் குடுக்கறியா? இந்நேரத்துக்கு நான் மூணு மாடு முடிச்சிருப்பேன்."

"அப்ப எந்திரிச்சு வா நைனா, நான் ஆபீசு போறேன்."

நான் செவலையின் கழுத்தைத் தடவ ஆரம்பித்தேன்.

அன்றிலிருந்து தினமும் வந்தாள். காலையில் வேலைக்குப் போகும் முன்பும், சாயங்காலம் வேலை விட்டு வரும்போதும். வலுக்கட்டாயமாகக் கொடுத்தால் ஒரு சொம்பு பால் எடுத்துப் போவாள், வேறு எதையும் தொடமாட்டாள். அவள் கறக்கும் நேரமெல்லாம் நான் பேசினேன். எருமைக் கதை, மாடி கட்டிய கதை, பேங்க் நாற்காலிக் கதை எல்லாம் சொன்னேன். அதிகம் சொன்னது என் வலியைப் பற்றித்தான். இந்த வலியை ஊரில் என்னைத் தவிர வேறு எவனும் தாங்கியிருக்க மாட்டான் என்றுகூடச் சொன்னேன். அவள் "ஆமா நைனா" என்பாள்.

செவலையின் மடி முழுக்க இளகி, வைத்தியர் வந்து தொட்டுப் பார்த்து, இனி பயமில்லை என்று சொன்ன அன்று சாயங்காலம் என் மனைவி எல்லோருக்கும் டீ போட்டாள். எனக்கு டம்ளரை விரலால் பிடிக்க வராது. இரண்டு உள்ளங்கைக்கு நடுவே அணைத்துத் தூக்கித்தான் குடிப்பேன். அப்படிக் குடித்துக்கொண்டிருந்தபோது மனைவி என் முழங்கையை இடித்தாள்.

"அந்தப் பொண்ணு கையப் பாருய்யா."

பார்த்தேன். அவளும் டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே அணைத்துத் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். விரல்கள் நீட்டியபடி நின்றன. கணுவெல்லாம் வீக்கம்.

அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. கோணியைக் கையால் விலக்காமல் தோளால் தள்ளியது. பால் வாளியை முழங்கை மடிப்பில் மாட்டித் தூக்கியது. கறக்கும் நடுவில் நிறுத்தி நிறுத்தி வெந்நீரில் கை முக்கியது. மாட்டுக்கு இதமாக இருக்கத்தான் வெந்நீர் கேட்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன்.

"உனுக்கும் வந்துச்சாம்மா?"

"உனுக்கு முன்னாடியே வந்துச்சு நைனா. இன்னும் உடல."

"ஏம்மா சொல்லல?"

"நீ பேச எடம் குடுத்தாத்தானே" என்று சிரித்தாள். என் மனைவியும் சிரித்தாள். பிறகு அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சிரிப்பில்லாமல் சொன்னாள். "கம்பெனில கை வலின்னு சொன்னா ஊட்லயே நின்னுக்கோன்னுடுவாங்க. சொல்லாம இருந்து பயகிப் போச்சு."

இந்த வலியோடு என்னால் ஒரு காம்பை அழுத்த முடியவில்லை. அதே வலியோடு அவள் பகல் முழுவதும் கம்பெனியில் வேலை செய்து, இரண்டு வேளையும் என் மாட்டைக் கறந்திருக்கிறாள். 

கொஞ்ச நாளில் என் விரல்கள் மடங்க ஆரம்பித்தன. காய்ச்சலுக்குப் பிறகு முதல் தடவை நானே செவலையைக் கறந்தபோது அந்தப் பெண் நின்று பார்த்தாள். "சத்தம் ரோடு வரைக்கும் கேக்கல நைனா" என்றாள். மனைவியின் புடவையை மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள். அப்புறம் வரவில்லை. அவள் கம்பெனி வண்டி நிற்கும் இடமும் அந்த ரோட்டிலிருந்து மாறிவிட்டது.

நான் தேடினேன். அவள் கழுத்து அட்டையில் இருந்தது இங்கிலீஷ், எந்தக் கம்பெனி என்றுகூட எனக்குப் படிக்கத் தெரியாது. கம்பெனி வாசல்களில் போய் நின்றால் எல்லாப் பெண்களும் நீலக் கோட்டோடு வருகிறார்கள். காவல்காரர் பேர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எந்த ஊர் என்றார், அதுவும் தெரியவில்லை. என் வாழ்க்கைக் கதை முழுவதையும் அவளிடம் சொன்னவன், அவள் பேரை ஒரு தடவைகூடக் கேட்டிருக்கவில்லை.

செவலை அதற்குப் பிறகு மூன்று கன்று போட்டாள். கோணியை அப்போதே கழற்றிவிட்டேன். இன்றைக்கும் குளிர்ந்த காலைகளில் என் விரல் கணுக்கள் இறுகுகின்றன. என் கொட்டகைக்கு யார் வந்தாலும் டீ உண்டு. அவர்கள் டம்ளரை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார்த்த பிறகுதான் நான் பேச ஆரம்பிக்கிறேன்.