நாக்குக்கு அடியில் வைக்க வேண்டிய மாத்திரை

1. மலைமேல் நான் வழங்கிய அறிவுரை

ஜவ்வாது மலையில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்க்கிறேன். எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். பயிற்சியின்போது "குடும்பத்தின் பங்கு" என்று உங்களுக்கும் ஒரு வகுப்பு எடுத்திருப்பார்கள். போதையை விட முயல்கிறவரிடம் குடும்பத்தார் கோபப்படக் கூடாது, சந்தேகப்படக் கூடாது, குத்திக்காட்டக் கூடாது. கேட்க மிகவும் நன்றாக இருக்கும். மலை ஊர்களில் சாராயத்தை விடமுடியாத ஆண்களின் மனைவிமாரிடம் இதை நான் எத்தனையோ முறை ஒப்பித்திருக்கிறேன். அவர்கள் சாமையைப் புடைத்துக்கொண்டே கேட்பார்கள். ஒருமுறை சின்னப்பொண்ணு என்பவள் மட்டும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"நர்சம்மா, உனுக்குப் புள்ள இருக்குதா?"

"இருக்கான். ஒடுகத்தூர்ல. வேலைக்குப் போறான்."

"குடிக்கிறானா?"

"சேச்சே!"

"அதான் உனுக்குக் கோவமே வரல" என்று சொல்லிவிட்டு மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள்.

என் மகன் தினேஷ் குடிக்கவில்லை என்பது உண்மைதான். அவன் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தான்.

2. சுகாதாரத் துறை வீடு

கண்ணமங்கலம் பக்கம் பைக்கிலிருந்து விழுந்து அவனுக்குத் தோள் எலும்பு முறிந்திருந்தது. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். எலும்பு கூடியது, மாத்திரை நிற்கவில்லை. டாக்டர் சீட்டு இல்லாமலே வாங்கித் தர நண்பர்கள் இருந்தார்கள். அவசரத்துக்கு நூறு ரூபாய் தராத பையன்களுக்கு இந்த விஷயத்தில் அப்படி ஒரு சேவை மனப்பான்மை.

வீட்டில் அம்மா நர்ஸ். அப்பா டி.பி. சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேருமே சுகாதாரத் துறை என்பதால் எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. பகலில் தூங்கினால் அசதி என்றோம், சாப்பாடு இறங்காவிட்டால் வெயில் என்றோம். ஒருநாள் குளியலறையில் நினைவில்லாமல் கிடந்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. விட்டுவிடுகிறேன்.

வேலூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். பிழைத்தான். மாத்திரை ஏக்கத்தைத் தணிக்க வேறொரு மாத்திரையை அங்கே தொடங்கினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது அதை நோயாளியின் கையில் தருவதில்லை, குடும்பத்தார் கையில்தான் தருவார்கள். தினமும் பக்கத்தில் இருந்து கொடுக்க வேண்டும். எப்படிக் கொடுப்பது, எப்படிப் பேசுவது என்று சொல்லித்தர அப்பா அம்மா இருவரையும் கவுன்சலிங்குக்கு வரச் சொன்னார்கள்.

என் விடுமுறை தீர்ந்துவிட்டது. தடுப்பூசி நாளுக்காக நான் மலை ஏறிவிட்டேன். ஊராரின் குழந்தைகளை நான் காப்பாற்றியாக வேண்டும் அல்லவா? என் வீட்டுக்காரர் மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"கவுன்சலிங் இன்னாச்சிங்க?" என்று போனில் கேட்டேன்.

"என் சர்வீஸ்ல எத்தினி பேருக்கு மாத்திரை குடுத்திருக்கேன்? நேத்து வேலைக்கு வந்த பொண்ணு எனுக்கு சொல்லிக் குடுக்கணுமா?"

3. டார்ச் லைட் வைத்தியம்

டி.பி. சிகிச்சையில் டாட்ஸ் என்ற முறை உங்களுக்குத் தெரியும். நோயாளி நம் கண்முன்னே மாத்திரையை விழுங்க வேண்டும். சில பேர் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்து, நாம் திரும்பியதும் துப்பிவிடுவார்கள். அந்தக் கள்ளத்தனத்தைப் பிடிப்பதில் என் வீட்டுக்காரர் கெட்டிக்காரர். இப்போது அந்தத் திறமை முழுவதும் ஒரே நோயாளிக்குக் கிடைத்தது.

"வாயத் தொற. போடு. தண்ணியக் குடி. முழுங்கு. இப்போ நாக்கத் தூக்கு" என்று டார்ச் அடித்துப் பார்ப்பாராம்.

"ப்பா, ஆஸ்பத்திரில நாக்குக்கு அடியில வெச்சிதான் கரைய உட்டாங்க."

"வெப்படா, வெப்ப. அப்புறம் நான் அந்தாண்ட போனதும் துப்புவ. உன்ன மாதிரி எத்தினி பேஷன்டப் பார்த்திருக்கேன்!"

சில நாளிலேயே தினேஷுக்கு ஓயாமல் கொட்டாவி வந்தது. மூக்கு ஒழுகியது. உடம்பெல்லாம் புல்லரித்து, போர்த்திக்கொண்டு சுருண்டு படுத்தான். மாத்திரை சரியாகத்தான் உள்ளே போகிறது, ஆகவே தவறு பையனிடம் என்று இவர் கண்டுபிடித்தார்.

மலையில் தண்ணீர்த் தொட்டிப் படிமேல் ஏறினால்தான் எனக்கு சிக்னல் கிடைக்கும். அங்கே நிற்கும்போது தினேஷ் கூப்பிட்டான்.

"ம்மா, உடம்பு முறிக்குதும்மா. மாத்திரை வேலையே செய்யல. நான் வேற எதுவும் போடல, சத்தியமா."

"அப்பா சொல்றபடி கேளுப்பா" என்றேன்.

சந்தேகப்படக் கூடாது என்று எனக்கு வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நான் சந்தேகப்படவே இல்லை. அவன் பொய் சொல்கிறான் என்று முழுமனதாக நம்பினேன்.

இதற்குள் இவர் யாரையோ விசாரித்து, ஆளைப் பூட்டிவைத்துத் திருத்தும் இடம் ஒன்றைப் பிடித்துவிட்டார். திங்கட்கிழமை அவர்களே வண்டியோடு வந்து தூக்கிப்போவார்களாம். நான் வீட்டுக்கு வந்தபோது இருவரும் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அங்க அனுப்பினா நான் திரும்பி வர மாட்டம்ப்பா" என்றான் தினேஷ்.

"மெரட்றியா?"

"இல்ல. சொல்றேன்."

அவன் கத்தியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னான். வண்டி வருவதற்கு முன்னால் ஒருமுறை வேலூர் போய்வந்துவிடலாம் என்று இவரிடம் மன்றாடினேன். இவன் திருந்தாத கேஸ் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டால் நல்லதுதானே என்று கிளம்பினார்.

4. செய்துகாட்டல்

கவுன்சலர் இளம் பெண். இவர் புகார் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். தினேஷிடம் சிறுநீர் வாங்கிச் சோதனைக்கு அனுப்பினாள். பிறகு, "சார், மாத்திரை எப்படித் தர்றீங்க? கொஞ்சம் செஞ்சி காட்டுங்களேன்" என்றாள்.

இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். டார்ச்சுக்கு செல்போனை எடுத்துக்கொண்டார். மாத்திரை இல்லாமலே எல்லாவற்றையும் நடத்திக்காட்டினார். "கடைசியா நாக்குக்கு அடியில செக் பண்ணணும்மா. அங்கதான் ஒளிச்சி வெப்பானுங்க."

"சார், அங்கதான் வெக்கணும்."

"இன்னாம்மா?"

"இந்த மாத்திரை அங்க கரைஞ்சாத்தான் ரத்தத்துல ஏறும். முழுங்கினா பெரும்பகுதி வீணாப் போயிடும்."

"அப்போ இத்தினி நாளா?"

"மருந்து சரியா போவல சார். அந்தக் கஷ்டத்துலதான் படுத்திருக்காரு." உள்ளே போய்ச் சோதனை முடிவைப் பார்த்துவிட்டு வந்தாள். "வெளிய எதுவும் வாங்கிப் போட்ட மாதிரி தெரியல. இதைத் தாங்கறது லேசு இல்ல."

தினேஷ் சிரித்தான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அது மருந்து கிடைக்காத உடம்பின் தண்ணீரா, அழுகையா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. நான் நர்ஸ்.

இவர் வராந்தாவுக்குப் போய் வண்டிக்காரருக்குப் போன் செய்தார். "வேணாங்க. பையன் மேல தப்பு இல்ல. தப்பு பண்ணது எங்க வூட்ல வேற ஆளு" என்றார்.

5. கரையும்வரை

கிளம்பும்போது கவுன்சலர் ஒரு நிபந்தனை வைத்தாள். மாத்திரை கரையும்வரை தினேஷ் பேசக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது. "அதுவரைக்கும் பக்கத்துலயே உக்காருங்க சார். நீங்களும் எதுவும் பேசாதீங்க."

எவ்வளவு கொடுமையான நிபந்தனை! மகன் வாயில் மாத்திரை. எதிர்த்துப் பேசவே முடியாது. எந்தத் தகப்பனுக்குக் கிடைக்கும் இப்படி ஒரு வாய்ப்பு? முதல் நாள் இவர் தொண்டையைச் செருமினார். தினேஷ் நிமிர்ந்து பார்த்தான். இவர் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். எனக்கும் வேலை இருக்கிறது: அவன் ஒவ்வொரு முறை கொட்டாவி விடும்போதும் ஏன் என்று கேட்காமல் இருப்பது. தூங்கும்போது அவன் உதட்டின் நிறத்தைப் போய்ப் பார்ப்பதை மட்டும் என்னால் இன்னும் நிறுத்த முடியவில்லை.

மாத்திரை கரைந்ததும் எழுந்து போய்விடுவது அவன் வழக்கம். போன வாரம் ஒருநாள் எழுந்திருக்கவில்லை.

"ப்பா, அப்போ மாத்திரை வாங்கித் தந்த பசங்க நேத்து போன் பண்ணாங்க."

இவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். நான் சமையலறையில் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். சிறிது நேரம் கழித்துத்தான் அவன் மீதியைச் சொன்னான்.

"நான் எடுக்கல."

குடும்பத்தின் பங்கு என்ன என்று யாராவது உங்களைக் கேட்டால், முதலில் அப்பா அம்மா இருவரும் கவுன்சலிங்குக்குப் போய் மருந்தைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். அப்புறம் வாயைக் கட்டச் சொல்லுங்கள். பழைய வழக்கப்படி அவனுடைய முதல் வாக்கியத்திலேயே நாங்கள் பாய்ந்திருந்தால், இரண்டாவது வாக்கியம் எங்களுக்குக் கிடைத்திருக்காது.