குசினி யன்னல் வழியே போன கேபிள்

என் மனைவிக்குத் தொண்டையில் சத்திரசிகிச்சை நடந்தது ஓர் இலையுதிர்காலத்தில். மெரிலேண்ட்ஸில் நாங்கள் இருந்த செங்கல் வீட்டின் முன்னால் நின்ற மரம் அப்போதுதான் சிவக்கத் தொடங்கியிருந்தது. காலையில் புல்லெல்லாம் ஈரமாக இருக்கும். பத்து மணிக்குப் பிறகு வெயில் சாய்ந்து வந்து, வேலிப் பலகைகளின் நிழலைப் புல்மேல் நீளமாகக் கிடத்திவிட்டுப் போகும்.

அவள் தொலைபேசி மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தாள். தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் ஓர் அலுவலகத்தையோ மருத்துவரையோ அழைத்தால், இடையில் அவளுடைய குரல் இருக்கும். எட்டு வருடம் அப்படிப் பேசிப் பேசிக் குரல்நாணில் சிறு முடிச்சுகள் வந்துவிட்டன. அவற்றை அகற்றிய மருத்துவர் இரண்டு கிழமைக்கு, பதினான்கு நாளும், ஒரு சொல்லும் பேசக்கூடாது என்றார். குசுகுசுப்பது அதைவிடக் கெடுதி என்றார்.

எனக்கு அது பெரிய மாற்றமாக இராது என்றுதான் நினைத்தேன். வேலை முடிந்து வந்ததும் அவள் பையைக் கதிரையில் வைத்துவிட்டு, "இண்டைக்குரியதெல்லாம் கதைச்சு முடிச்சிட்டன். ஒண்டும் கேக்காதேங்கோ" என்பாள். நானும் கேட்க மாட்டேன். நான் ஒரு கட்டிடக்காரருக்கு வீட்டு வரைபடங்கள் வரைந்து கொடுப்பவன். பின்வளவில் இருந்த கார் நிறுத்தும் கொட்டிலைத்தான் அலுவலகமாக்கி, அங்கே கணினியை வைத்து நாள் முழுவதும் சுவர்களும் யன்னல்களும் வரைந்துகொண்டிருப்பேன்.

இரண்டாம் நாள் அவள் தபால் எடுக்க வெளியே போனபோது முன்கதவு காற்றில் சாத்திக்கொண்டது. பக்கவாசல் படலை உள்ளே தாழ்ப்பாள். தூறல் வேறு. அவள் படலையைத் தட்டியிருக்கிறாள், தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். பக்கத்து வீட்டில் அந்த மாதம் முழுவதும் தச்சு வேலை நடந்தது. ஆணி அறைகிறார்கள் என்று நினைத்து நான் வானொலியைக் கொஞ்சம் கூட்டிவைத்தேன். தேநீருக்காக உள்ளே போனபோதுதான் முன்னறை யன்னலுக்கு வெளியே, தலையில் விளம்பரத் தாளைப் பிடித்தபடி, நனைந்த அவளுடைய முகம் தெரிந்தது. அவளுக்குச் சிரிப்பு. சிரிக்கவும் கூடாதாம், வாயைப் பொத்திக்கொண்டு தோள்களால் சிரித்தாள்.

முன்னறையில் எங்களுடைய பழைய கணினி சும்மா கிடந்தது. அதையும் கொட்டிலில் இருந்ததையும் ஒரு கேபிளால் இணைத்துவிட்டால் அவள் எழுதுவதை நான் இருந்த இடத்திலேயே பார்க்கலாம் என்று தோன்றியது. மின்னஞ்சல் சரிவராது. அப்போது இணையம் தொலைபேசிக் கம்பியில்தான் வரும். அதை இவள் பிடித்துக்கொண்டால் கட்டிடக்காரரின் அழைப்பு எனக்குக் கிடைக்காது.

பரமட்டாவில் நீளமான நீலக் கேபிள் ஒன்றை வாங்கினேன். கொட்டிலிலிருந்து வேலியோரமாக இழுத்து, எலுமிச்சை மரத்தின் கிளையில் தாங்கவைத்து, குசினி யன்னல் இடுக்கால் உள்ளே விட்டு, நடையைத் தாண்டி முன்னறைக்குக் கொண்டுபோனேன். இரண்டு பக்கமும் செருகினேன். கேபிள் செருகும் துளையின் அருகே ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை. கழற்றிச் செருகினேன். ஊதிச் செருகினேன். கணினிகளை அணைத்துப் போட்டேன். அவள் முன்னறையிலும் நான் கொட்டிலிலும் குந்தியிருந்து அந்தத் துளைகளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாணவனாக வந்து இங்கேயே தங்கிவிட்ட மலேசியத் தமிழ் நண்பர் ஒருவர், ஓர் அலுவலகத்தில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அழைத்தேன்.

"ரெண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவுல பெட்டி ஏதும் இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லை. நேரடியா."

"அப்ப இந்தக் கேபிள் ஓடாதுலா. இவரு வாயி அவரு வாயில போயி முட்டுது. வாயி காதுக்குப் போகணும். உள்ள ரெண்டு சோடிக் கம்பிய மாத்திப் போட்ட கேபிள் இருக்கு, கிராஸ் கேபிள்னு கேளுங்க."

மாற்றி வாங்கி வந்தேன். மறுபடியும் வேலி, எலுமிச்சை, யன்னல், நடை. செருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. முன்னறையிலிருந்து கைதட்டல் கேட்டது.

ஆனாலும் ஒரு கணினிக்கு மற்றது இருப்பது தெரியவில்லை. விளக்கு மட்டும் எரிந்தது. ஒரு பின்னேரம் முழுவதும் அமைப்புப் பக்கங்களைத் திறந்து மூடினேன். கணினி ஒவ்வொன்றுக்கும் முகவரி போல ஓர் இலக்கம் கொடுக்க வேண்டும். நான் கவனமாக, ஒரு பிழையும் விடாமல், இரண்டுக்கும் ஒரே இலக்கத்தைக் கொடுத்து வைத்திருந்தேன். ஒன்றின் கடைசி எண்ணை மாற்றியதும் முன்னறைக் கணினியின் பெயர் என் திரையில் வந்து நின்றது. நான் அதையே கொஞ்ச நேரம் பார்த்திருந்தேன். நடந்து போனால் ஒரு நிமிடமும் ஆகாத இடம்தான். ஆனால் எங்கோ தூரத்தில் ஒரு வீட்டில் விளக்கு ஏற்றியதைப் பார்த்தது போல இருந்தது.

இருவரும் எழுதவென்று பொதுவாக ஒரு கோப்பை உருவாக்கினேன். அவள் எழுதிய முதல் வரி, எனக்கு ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையாக வந்தது. அவளுடைய கணினியில் இருந்த தமிழ் எழுத்துரு என்னிடம் இல்லை. உள்ளே ஓடிப்போய், "ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதுமன். விளங்கும்தானே" என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினாள். தமிழைத் தமிழாகத்தான் எழுதுவாளாம். எழுத்துருவையும் அதே கேபிள் வழியாகவே கொண்டுவந்து சேர்த்தேன். குப்பை கலைந்து எழுத்தானது.

"இஞ்ச வெயில் கதிரைக்கு வந்திட்டுது. அங்க?"

அந்தக் கோப்பில் ஒரு சங்கடம் இருந்தது. ஒருவர் திறந்து வைத்திருந்தால் மற்றவர் வாசிக்கலாம், எழுத முடியாது. அவள் எழுதி, சேமித்து, மூடிய பிறகே நான் எழுதலாம். நான் மூடினால்தான் அவள். அதைச் சரிசெய்ய முதலில் முயன்றேன், பிறகு விட்டுவிட்டேன். நான் ஒரு சுவரை வரைவேன், கோப்பைத் திறந்து பார்ப்பேன், ஒன்றும் இராது. ஒரு படிக்கட்டு வரைவேன். திறந்தால் ஒரு வரி வந்திருக்கும். நாட்கள் அப்படித்தான் போயின. மணிக்கூட்டைப் பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை.

"பக்கத்து வீட்டு மனிசி உடுப்புக் காயப்போடேக்க பாடுறா. கேட்டிருக்கிறியளா?"

"இல்லை."

"எத்தினை வருசமாப் பாடுறாவோ. நானும் இண்டைக்குத்தான் கேட்டன்."

இன்னொரு நாள்: "ஃபிரிட்ஜின்ர இரைச்சல் நிக்கேக்க வீடே மூச்சு விட்ட மாதிரி இருக்கு."

அவள் தன் வேலையைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை. அழைப்பவர்களின் கதைகளை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. அந்தக் கதைகளை அவள் கோப்பிலும் எழுதவில்லை. ஆனால் ஒரு மத்தியானம் இப்படி எழுதியிருந்தாள்:

"போனில 'எனக்கு நோகுது' எண்டு சொல்லுவன். அது என்ர நோ இல்லை. 'என்ர பிள்ளை' எண்டு சொல்லுவன். அது என்ர பிள்ளை இல்லை. அவையள் சொன்னதை நானே சொல்லுற மாதிரித்தான் சொல்லவேணும். நாள் முழுக்க நான், நான் எண்டு சொல்லிப்போட்டு வீட்டை வரேக்க எனக்கெண்டு ஒரு நான் மிஞ்சுறேல்லை. நீங்கள் என்னோட ஏதும் கதைச்சா, அதையும் ஆருக்கோ மாத்திச் சொல்லவேணும் எண்டுதான் முதல்ல வரும்."

நான் அதை வாசித்துவிட்டுக் கோப்பை மூடினேன். அது பத்து வருடம் கூடவே இருந்த ஒருத்தி எழுதியது. கொட்டிலின் கதவு திறந்திருந்தது. எலுமிச்சைக் கிளையில் நீலக் கேபிள் காற்றில் மெல்ல ஆடியது. உடனே எழுந்து உள்ளே போயிருக்கலாம். ஆனால் போனால் நான் மட்டும்தான் பேசுவேன் என்று பட்டது. மீண்டும் திறந்து எழுதினேன்.

"வாசிச்சன். தேத்தண்ணி போடட்டே?"

"ஓம். இஞ்சி போட்டு."

அடுத்த நாள் இணைப்பு அறுந்தது. வரைந்து முடித்துக் கோப்பைத் திறந்தால், அப்படியொரு கணினியே இல்லை என்றது திரை. பச்சை விளக்கும் இல்லை. இலக்கங்களைப் பார்த்தேன், சரியாக இருந்தன. கணினிப் பெட்டியைத் திறந்து உள்ளிருந்த அட்டையைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். அவள் கொட்டில் வாசலில் வந்து நின்று கைகளால் ஏதோ காட்டினாள். தலைக்குமேல் விரல்களை விரித்தாள். பற்களைக் கடித்துக் காட்டினாள்.

"தலையிடியா? பல்லுக் குத்தா?"

இல்லை என்று தலையாட்டினாள். மறுபடியும் விரல்கள், மறுபடியும் பற்கள்.

"கொஞ்சம் பொறும். இதைச் சரியாக்கிப்போட்டு வாறன். பிறகு நீர் எழுதும், வாசிக்கிறன்."

அவள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். எலுமிச்சை மரத்தில் ஒரு வெள்ளைக் கொக்கட்டூக் கிளி, மஞ்சள் கொண்டையை விரித்தபடி, ஒரு காலால் கேபிளைப் பிடித்து நிதானமாக மென்றுகொண்டிருந்தது. நாங்கள் கிட்டப் போயும் அது பறக்கவில்லை. எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு இன்னுமொரு கடி கடித்தது. அவள் என் தோளில் முகத்தை அழுத்திச் சத்தமில்லாமல் குலுங்கினாள். அவளுக்காகவும் சேர்த்து நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அந்தக் கிழமை இன்னொரு கேபிள் வாங்கி, தோட்டக்குழாய்க்குள் நுழைத்து இழுத்தேன். அது அறுபடாமல் நின்றது.

இரண்டு கிழமை முடிந்து மருத்துவரிடம் போனோம். கருவியை விட்டுப் பார்த்தார். ஆறிவிட்டது, மெல்ல மெல்லத் தொடங்கலாம் என்றார். "ஆ" என்று சொல்லச் சொன்னார். சொன்னாள். பிறகு பேர், முகவரி. என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் ஹரிஸ் பார்க் கடைத்தெருவில் நிறுத்தி ஜிலேபி வாங்கினேன். காருக்குள் வந்து பையை அவள் மடியில் வைத்தேன். கண்ணாடியில் கடைத்தெருவின் பின்னேர வெளிச்சம் படிந்து, ஆட்கள் தண்ணீருக்குள் நடப்பவர்களைப் போலத் தெரிந்தார்கள். நான் சாவியைத் திருப்பவில்லை.

"நான் திரும்பப் போகேல்லை" என்றாள்.

குரல் முன்பைவிடத் தாழ்ந்திருந்தது. ஓரத்தில் கொஞ்சம் கரகரப்பு. வேறொரு பெண் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது போல நான் திரும்பிப் பார்த்தேன்.

"அந்த வேலைக்கா?"

"ஓம். எழுத்தில மொழிபெயர்க்கிற வேலை இருக்கு. ஆஸ்பத்திரித் தாளுகள், பள்ளிக்கூடத் தாளுகள். முன்னறையில இருந்தே செய்யலாம். அதுக்குத்தான் போகப்போறன்."

"நீர் செய்யும்" என்றேன். "ஆனா எங்கட கோப்பு? அதை மூடிவைப்பமா?"

அவள் ஜிலேபியை இரண்டாக முறித்து ஒரு பாதியை என்னிடம் நீட்டினாள். "விடுங்கோ, அது அப்படியே கிடக்கட்டும்" என்றாள்.

அவள் சொன்னபடியே செய்தாள். அந்த வீட்டை விட்டு நாங்கள் போகும்வரை முன்னறையில் அவள் மொழிபெயர்த்தாள், கொட்டிலில் நான் வரைந்தேன். நல்லாகப் பேச வந்த பிறகும் சில நாட்களில் கோப்பைத் திறந்தால் ஒரு வரி இருக்கும். மழை வருது, உடுப்பை எடுங்கோ. அல்லது, இண்டைக்கு ஒரு நல்ல சொல் கிடைச்சுது, வந்து சொல்லுறன். அப்படி எழுதிய நாட்களில் அவள் பின்வளவைத் தாண்டிக் கொட்டிலுக்கு வருவாள். என் மேசையில் சாய்ந்து நின்று, அந்தத் தாழ்ந்த குரலில், அவசரமில்லாமல் அதைச் சொல்லுவாள்.