ஓ குரூப் என்று நினைத்த ரத்தம்

1. குழந்தைக்கு பி

ரத்த குரூப் ரிசல்ட்டைக் கொடுத்த சற்று நேரத்திலேயே முருகவேல் பிளட் பேங்க் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னா மேடம் இது? நான் ஓ, அவளும் ஓ. கொழந்தைக்கு மட்டும் எப்பிடி பி வரும்?"

திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பிளட் பேங்கில் நான் டெக்னீஷியன். விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். அன்று காலையில்தான் முருகவேலின் மனைவி சங்கீதாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது.

"ப்ளஸ் டூல பயாலஜி படிச்சவன் மேடம் நான். ஓவுக்கும் ஓவுக்கும் ஓதான பொறக்கும்?"

அவர் எதைக் கேட்கிறார் என்று புரிந்தது. நான் படித்த புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது.

"சாம்பிள் மாறியிருக்கலாம் சார். நானே திரும்ப எடுத்துப் பாக்குறேன். அதுவரைக்கும் எதையும் முடிவு பண்ணாதீங்க" என்றேன்.

வார்டுக்குப் போய் மூவருக்கும் நானே ரத்தம் எடுத்து, அங்கேயே லேபிள் ஒட்டினேன். சங்கீதாவின் உதடு வெளுத்திருந்தது. பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகம்.

"அவரு கொழந்தைய தூக்க மாட்டேன்றாரு மேடம். நீங்க இன்னா சொன்னீங்க அவருகிட்ட?" என்று கேட்டாள்.

நான் குழந்தையின் குரூப்பைத்தான் சொன்னேன். ஆனால் அதை அவளிடம் எப்படிச் சொல்வது? டியூபோடு பிளட் பேங்குக்குத் திரும்பினேன்.

ரிசல்ட் மாறவில்லை. ஓ, ஓ, பி.

2. ஓ ரத்தத்தோடும் சேரவில்லை

அதற்குள் சங்கீதாவுக்கு உடனே ரத்தம் வேண்டும் என்று வார்டிலிருந்து போன். ஓ பாசிட்டிவ் பை ஒன்றை எடுத்து கிராஸ் மேட்ச் போட்டேன். கொடுப்பவரின் சிவப்பணுவையும் வாங்குபவரின் சீரத்தையும், அதாவது ரத்தத்திலிருந்து பிரியும் தெளிந்த நீரையும், கலந்து பார்ப்பது அது. திரிதிரியாகக் கட்டிக்கொண்டால் அந்த ரத்தத்தை ஏற்றக் கூடாது.

கட்டிக்கொண்டது. அடுத்த பையும் அப்படியே. ஃபிரிட்ஜில் இருந்த ஓ பை ஒன்றுகூடச் சேரவில்லை.

சோதனைக்கு ஊற்றும் ரீஏஜென்ட் கெட்டுவிட்டதோ, டியூபைச் சரியாகக் கழுவவில்லையோ என்று எல்லாவற்றின் மேலும் சந்தேகம். சங்கீதாவின் சிவப்பணுவை அவள் சீரத்தோடே கலந்து பார்த்தேன். கட்டவில்லை. அப்படியானால் சோதனை சரி. பின் எதுதான் தப்பு? காலையில் ஒரு குழப்பம், இப்போது இன்னொன்று. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் பேத்தாலஜி டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். டியூபைச் சாய்த்துப் பார்த்தவர், "ஓ செல்லோடவே இவ்வளவு ஸ்ட்ராங்கா வருதா? ஒரு சொட்டு கூட ஏத்தக் கூடாது" என்றார். சாம்பிளை ஆம்புலன்ஸில் விழுப்புரத்தில் இருக்கும் பெரிய லேபுக்கு அனுப்பினோம். ஓ ரத்தத்திலும் இருக்கும் எச் என்ற பொருள் அவளிடம் இருக்கிறதா என்று பார்க்கும் ரீஏஜென்ட் எங்களிடம் இல்லை.

மதியம் போன் வந்தது. எச் இல்லை. பாம்பே குரூப், பம்பாயில் முதலில் கண்டறிந்த அரிய வகை.

"பாம்பேயா? நான் மெட்ராஸையே தாண்டினதில்லயே" என்றாள் சங்கீதா.

3. ஒட்ட இடமில்லாத சர்க்கரை

முருகவேலையும் கூப்பிட்டு டாக்டரம்மா விளக்கியது எனக்கு இரண்டாம் தடவைதான் பிடிபட்டது. செல் ஒரு புரோட்டீனைச் செய்வதோடு விடுவதில்லை. என்சைம்கள் அதன்மேல் ஒவ்வொரு சர்க்கரையாகக் கோத்துச் சங்கிலியாக நீட்டுகின்றன. சிவப்பணுவின் மேல் அந்தச் சங்கிலி நுனியில் ஃபியூகோஸ் என்ற சர்க்கரை ஒட்டினால் அது எச். அந்த எச்சின் மேல் இன்னொரு சர்க்கரை ஏறினால்தான் ஏ அல்லது பி. எதுவும் ஏறாமல் எச்சோடு நின்றால் ஓ.

சங்கீதாவுக்கு ஃபியூகோஸை ஒட்டும் என்சைமே வேலை செய்யவில்லை. பி சர்க்கரையை ஒட்டும் என்சைம் அவளிடம் இருந்தும் அது ஒட்ட இடமில்லை. அதனால் எங்கள் சோதனையில் ஓ போலத் தெரிந்தாள். எச் அவள் உடம்புக்கு அந்நியம் என்பதால் ஓ ரத்தமும் ஆகவில்லை. குழந்தைக்கு அம்மாவிடமிருந்து பி வந்தது. எச் அப்பாவிடமிருந்து வந்தது.

"அப்ப அந்த எச்சு என்னுதா?" என்றார் முருகவேல்.

"உங்களுதுதான் சார். நீங்க குடுக்கலன்னா அந்த பி வெளியவே தெரிஞ்சிருக்காது."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

ஆனால் ரத்தம்? கூடப் பிறந்தவர்களுக்கு இதே குரூப் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பொம்மையார்பாளையத்திலிருந்து அவள் அண்ணன் ஏழுமலை வந்தார். கடலிலிருந்து கரையேறி, போட்டிருந்த சட்டையோடே பைக்கில் வந்தவர். "ஜல்தியா எடுத்துக்கோங்க மேடம்" என்று கையை நீட்டினார்.

அவர் சாம்பிளும் விழுப்புரம் போய் ரிசல்ட் வந்தது. அவருக்கும் எச் இல்லை. மற்ற டெஸ்ட்டுகளை முடித்து கிராஸ் மேட்ச் போட்டேன். கட்டவில்லை. வெளிச்சத்தில் அந்த டியூபைத் திரும்பத் திரும்ப ஆட்டிப் பார்த்தேன்.

அண்ணனின் ரத்தம் அன்றிரவே ஏறியது. மறுநாள் வார்டுக்குப் போனபோது சங்கீதாவின் முகம் தெளிந்திருந்தது. முருகவேல் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் டீ வாங்கப் போனதும் அவள் கேட்டாள்.

"அந்த டெஸ்ட்டு வரலன்னா அவரு என்னை நம்பியிருப்பாரா மேடம்?"

அந்தக் கேள்வியை நினைத்துத்தான், இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். நாம் பார்ப்பது சிவப்பணுவின் மேலிருக்கும் சர்க்கரையை மட்டும்தான். அதை வைத்து, இந்தக் குழந்தை யாருடையது என்று கேட்பவர் வந்தால், அவர் எவ்வளவு அவசரப்பட்டாலும் நீங்கள் அவசரப்படாதீர்கள்.