நடந்துகொண்டே சோதனை

கொம்யூன் பஞ்சாயத்து அலுவலக எழுத்தர் சவரிநாதன் எதற்கும் பயப்படமாட்டார், ஊசி ஒன்றைத் தவிர. எழுபத்தாறாம் வருஷம் பொங்கல் கழிந்ததும் டாக்டர் கைலாசநாதன் அவருடைய சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, "ஈஸ்டர் வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள நடந்து குறைக்கலைன்னா தினம் ஊசிதான்" என்றார்.

மனிதர் மறுநாளே நாலு மைல் நடந்தார். அடுத்த மூன்று நாள் கட்டிலை விட்டு எழவில்லை. மனைவி சகாயம்மாள் காலுக்குத் தைலம் தேய்த்தே ஓய்ந்துபோனாள். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"பத்து நிமிஷத்துல ஆரம்பிங்க. வாரம் அஞ்சு நிமிஷம் கூட்டுங்க. மூச்சு வாங்கணும், ஆனா பேச்சு வரணும். ஒரு நாளும் விடக்கூடாது, நடுவுல நிக்கக்கூடாது."

அம்பகரத்தூரில் கிழக்கே நடந்தால் வடைக்கடை. தன்னைப் பற்றி நன்றாகவே தெரிந்தவர், மேற்கே நடந்தார். மேற்கே தமிழ்நாட்டு எல்லை. அங்கே மதுவிலக்கு, இங்கே யூனியன் பிரதேசம், சாராயக்கடை உண்டு. சைக்கிள் ட்யூபில் சாராயம் நிரப்பி இடுப்பில் சுற்றிக்கொண்டு எல்லை தாண்டுவது அப்போது சிலருக்குப் பிழைப்பு. அப்படிப்பட்ட இடத்தில் தொப்பை குலுங்க ஒருவர் தினமும் விடிந்ததும் விறுவிறுவென்று வந்தால், எல்லைச் சோதனைச் சாவடிக் காவலர் குஞ்சிதபாதம் கும்பிட்டா அனுப்புவார்?

"நில்லுங்க. சட்டைக்குள்ள என்ன?"

"வயிறுங்க."

தட்டிப் பார்த்தார். வயிறுதான். ஆனாலும் மறுநாளும் நிறுத்தினார், அதற்கு மறுநாளும். தவக்காலம் பாதி போனபோது சந்தேகம் முற்றிவிட்டது.

"போன மாசத்துக்கு இப்ப குறைஞ்சிருக்கே. மிச்சத்தை எங்க இறக்குனீங்க?"

சவரிநாதனுக்கு அழுகையே வந்துவிட்டது. தினமும் இப்படிப் பாதியில் நின்றால் ஊசி வராமல் என்ன செய்யும்?

"எவ்வளவு வேணாலும் தடவிப் பாருங்க. நிக்க மட்டும் சொல்லாதீங்க. கூடவே நடந்துக்கிட்டுப் பாருங்க."

இதில் ஏதோ இருக்கிறது என்று குஞ்சிதபாதம் சாவடியை இன்னொருவரிடம் விட்டுவிட்டுப் பின்னாலேயே போனார். அவருக்கும் தொப்பைக்குக் குறைவில்லை. மூச்சு இரைக்க வாய்க்கால் மதகு வரை போய்ச் சேர்ந்தால், அங்கே சரக்கு வாங்க ஒருவரும் இல்லை. சவரிநாதன் மதகைத் தொட்டார், திரும்பினார், அவ்வளவுதான்.

"இன்னைக்கு ஆள் வரலை போல" என்றார் காவலர். மறுநாளும் நடந்தார். பத்தாம் நாள் முன்னால் போனவர் அவர்தான். வழியெல்லாம் இருவரும் பேசினார்கள், பேச்சு வரவேண்டும் என்பது டாக்டர் உத்தரவல்லவா.

ஈஸ்டருக்கு மறுநாள் சவரிநாதன் துள்ளிக்கொண்டு வந்தார்.

"சக்கரை இறங்கிடுச்சுங்க. ஊசி வேணாம்னுட்டாரு."

குஞ்சிதபாதத்தின் முகம் தொங்கிவிட்டது. "அப்ப நாளையிலேருந்து வரமாட்டீங்க."

"விட்டா திரும்ப ஏறுமாம். ஆயுசுக்கும் நடக்கணுமாம்."

காவலர் பெல்ட்டை இழுத்து, புதிதாகக் குத்திய ஓட்டையில் மாட்டிக்கொண்டார்.

"எனக்கும் இன்னும் சந்தேகம் தீரலை. நடங்க."