பாலம் வரட்டும்

என் தங்கையின் கைகள் சாப்பாட்டு மேசையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தன. ஓட்ஸ், சூப் பொடி, உலர்ந்த பழம் என்று வேளைக்கு ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே இருக்கும் காற்றை உள்ளங்கையால் அழுத்தி வெளியேற்றி, வாயை மடித்து, ஒவ்வொரு பையின் மேலும் ஒரு மாத்திரையை டேப் போட்டு ஒட்டினாள். பக்கத்திலேயே பேனாவால் இடத்தின் பெயர்: ஓடை, பாலம், கணவாய், ஏரி.

"மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடி போடணும். அதனால சாப்பாட்டோடயே ஒட்டிட்டேன்," என்றாள்.

பார்க்க நேர்த்தியாக இருந்தது. யாருக்கும் அதில் குறை தெரியவில்லை.

மாத்திரை அவள் கணவருக்கு. கடைப் பலகைகளில் எழுத்து எழுதுகிறவர். ஊரே அவரைப் பெயின்டர் என்றுதான் கூப்பிடும். கொஞ்ச காலத்துக்கு முன் அவருடைய எழுத்து சுருங்க ஆரம்பித்தது. ரொட்டிக்கடைப் பலகையில் முதல் எழுத்து யானை மாதிரி, கடைசி எழுத்து எறும்பு மாதிரி. கடைக்காரர் கேட்டதற்கு, "எழுத்தெல்லாம் தூரத்துல இருந்து உங்க கடைக்கு நடந்து வருது சார்" என்று சமாளித்தார். பிறகு நடையும் சுருங்கியது. பார்க்கின்சன் என்றார் டாக்டர். மாத்திரை வேலை செய்யும்வரை அவர் பழைய ஆள்தான். அதன் வேகம் தீர்ந்துவிட்டால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். படுக்கையில் கிடப்பவர்களையும் தள்ளாடுபவர்களையும் பார்த்துக்கொள்ளும் வேலையில் நான் பாதி ஆயுளைக் கழித்தவள். அதனால் இந்த முறை மலைக்கு என்னையும் கூட்டிப் போனார்கள்.

தங்கைக்குப் பேருந்துப் பணிமனையில் வேலை. எந்த ஓட்டுநர் எந்த வண்டியை எப்போது எடுக்க வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பவள் அவள்தான். டீசல் வாடை அடிக்கும் சின்ன அறை, முற்றத்தைப் பார்த்த ஒரு ஜன்னல், அதன் கம்பியில் காயும் யாரோ ஒருவரின் கைக்குட்டை. அங்கே அவள் பெயர் கடிகாரம். "கடிகாரம் எட்டிப் பார்க்குது, டீயைக் குடிச்சு முடி" என்பார்கள். டீகூட அங்கே மணி பார்த்துக் கிடைக்காது. வண்டி எந்த நிறுத்தத்தில் நிற்கிறதோ அங்கேதான் ஓட்டுநருக்கு டீ. வண்டி பிந்தினால் டீயும் பிந்தும். இருபது வருஷத்துக்கும் மேலாக அப்படியே ஓடியிருக்கிறது.

கல்யாணமான நாளிலிருந்து வருஷம் ஒரு முறை இருவரும் முதுகில் மூட்டையோடு மலைக்குள் போய்விடுவார்கள். சாலை இல்லாத பக்கமாக. அவள் ஓடை, பாலம், கணவாய் என்று நிறுத்தம் போட்டு நடப்பாள். அவர் பாசி பிடித்த கல்லைக் கண்டால் உட்கார்ந்துவிடுவார். வருஷா வருஷம் அதே சண்டை, அதே கூடாரம். கணவாய்க்கு அந்தப் பக்கம் ஓர் ஏரி இருக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்கு அதில் கால் நனைக்க வேண்டும். ஒரு வருஷம் மழை, ஒரு வருஷம் லீவு கிடைக்கவில்லை. இந்த முறை விட்டால் அவர் காலால் அங்கே போக முடியாது. மூன்று பேருக்கும் தெரியும்.

மலை வாசலில் இருந்த வனக்காவலர் நாங்கள் திரும்பும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டார். "அன்னைக்குச் சாயங்காலம் என் கண்ணுல படலேன்னா ஆளுங்களைக் கூட்டிட்டுத் தேட வந்துருவேன். அப்புறம் மழையில நனைஞ்சு நாங்க திட்டறதை நீங்க கேட்க வேண்டியிருக்கும்," என்றார்.

முதல் நாள் ஓடைவரை சிக்கல் இல்லை. மறுநாள் பாலத்துக்குப் போகும் வழியில் மூடுபனி இறங்கியது. இறங்கியது என்பதைவிட, நாங்கள் அதற்குள் நடந்து போனோம் என்றால் பொருந்தும். முன்னால் போனவரின் மூட்டை முதலில் நிறம் இழந்தது, பிறகு விளிம்பு இழந்தது. தண்ணீர் சத்தம் ஒரு நேரம் இடப்பக்கம் கேட்டது, கொஞ்சம் போனால் தலைக்கு மேலே கேட்டது. சரளைக் கல் வழுக்கியது. எவ்வளவு நேரம் நடக்கிறோம் என்ற கணக்கே போய்விட்டது. கண் விழித்துக்கொண்டே தூங்குவதுபோல் இருந்தது. எங்கள் வேகம் பாதியாகிவிட்டது அப்போது உறைக்கவில்லை.

"மதிய மாத்திரைக்கு நேரமாகலையா?" என்று பெயின்டர் கேட்டார்.

"பாலம் வரட்டுங்க."

சிறிது தூரம் போனதும் மறுபடி கேட்டார்.

"இதோ, தண்ணி சத்தம் கேக்குதே. பாலம்தான்."

பாலம் வரவில்லை. சரிவின் ஓரமாக ஒற்றையடிப் பாதை குறுகும் இடத்தில் அவர் நின்றுவிட்டார். முழங்கால் லேசாக நடுங்கியது, பாதம் எழும்பவில்லை. உடம்பு மட்டும் முன்னால் சாய்ந்தது. நான் பின்னாலிருந்து மூட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. கால் ரெண்டும் வேற யார்கிட்டயோ பேசிட்டிருக்கு. முடிச்சதும் வரும்."

நான் என் கைத்தடியை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்தேன். "தம்பி, நடக்காதீங்க. இதைத் தாண்டுங்க, போதும்." தாண்டினார். மறுபடி வைத்தேன், மறுபடி தாண்டினார். நடக்க வராத கால் தாண்ட வரும். இந்த நோயின் கோணல் அது. இப்படியே பாதை அகன்று புல்வெளியாகும் இடம்வரை கொண்டுபோய் உட்கார வைத்தோம். அவள் பாலம் என்று எழுதிய பையைப் பிரித்து மாத்திரையைக் கொடுத்தாள்.

அது வேலை செய்யத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும், வேறு வழியில்லை. புல்லின் நுனியெல்லாம் நீர்மணி. பனிக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக் குதிரை வந்தது, மேய்ச்சலுக்கு விட்டதாக இருக்கும். எங்களைப் பார்த்தது, பார்க்காததுபோல் மேய்ந்தது, பனிக்குள்ளேயே கரைந்தது. குதிரை போன பிறகும் அது புல்லைப் பிடுங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. கூடாரத்தை அங்கேயே அடித்தோம். இனி பாலம்வரை போக நேரமும் இல்லை, எனக்குச் சம்மதமும் இல்லை.

மாலையில் சூப் கொதிக்கும்போது தங்கை சொன்னாள், "நாளைக்குக் காலையில கீழ இறங்கிடலாம்."

"ஏரி?"

"ஏரி எங்கயும் ஓடிப்போகாது."

"அது ஓடாது. இங்க ஓட முடியாதவன் நான்தான்."

அவள் சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். "கீழ விழுந்திருந்தா? பாலம் பாலம்னு நானே உங்களை..." முடிக்கவில்லை.

"விழலையே. சரி, ஒண்ணு கேக்கறேன். உன் பணிமனையில காலையில ஒரு வண்டி பழுதாகி எல்லாம் பிந்திடுச்சுன்னா என்ன பண்ணுவே?"

"நடுவுல ஒரு டிரிப்பை வெட்டுவேன்."

"எல்லாத்தையும் வெட்டி வண்டியை உள்ள விட்டுருவியா?"

"அது எப்படிங்க? கடைசி வண்டி போயே ஆகணும். அதுல வீட்டுக்குப் போறவங்க இருப்பாங்க. அதை மட்டும் தொட மாட்டேன்."

சொன்னவள் கரண்டியை நிறுத்தினாள். பிறகு மூட்டையைக் கவிழ்த்து, பைகளிலிருந்து மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். டேப்போடு பிளாஸ்டிக்கும் கிழிந்து ஓட்ஸ் புல்லில் கொட்டியது. மாத்திரைகளை அவர் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினாள்.

"மாத்திரை மணிக்கு. எங்க நின்னாலும் சரி. நாளைக்கு உச்சிப்பொழுதுக்குத் திரும்பறோம், அதுவும் எங்க நின்னாலும் சரி. வனக்காவலர்கிட்ட சொன்ன நாள் மாறாது. நடுவுல இருக்கறதை நீங்க வெச்சுக்கங்க."

"நடுவுல பாசி பார்க்க உட்கார்ந்தா?"

"உட்காருங்க. உங்க நேரம்தான் போகும்."

"அக்கா, சாட்சிக்கு நீங்க இருக்கீங்க," என்றார் என்னிடம்.

"எனக்குக் காது கேட்காது தம்பி. சூப்பைக் குடிங்க," என்றேன்.

மறுநாள் காலை, கூடாரத்தின் ஜிப்பைத் திறப்பதற்கு முன்பே மாத்திரையைக் கொடுத்தாள். அது உடம்பில் இறங்கும்வரை எதையும் மடித்து வைக்காமல், கட்டாமல், கை கட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அது மலை ஏறுவதைவிடக் கஷ்டம். கூடாரத்தையும் மூட்டைகளையும் புல்வெளியிலேயே விட்டுவிட்டு, தண்ணீரும் ஒரு பையும் மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். அவர் முன்னால். பாலம் வந்தது. அதன் பெயரை யாரும் சொல்லவில்லை, கடந்து போனோம். இரண்டு இடத்தில் பாசிக்கு உட்கார்ந்தார். அவள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கையைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

கணவாயில் ஏறி நின்றபோது உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம்தான் மீதி. கீழே ஒரே வெள்ளை.

"அதோ, ஏரி."

"அது மேகம்ங்க."

"மேகத்துக்குக் கரை இருக்குமா?"

பனி நகர்ந்தது. கரை இருந்தது. வெகு கீழே, உள்ளங்கை அகலத்துக்கு, வெள்ளியும் இல்லாத பச்சையும் இல்லாத ஒரு தண்ணீர். அசையவே இல்லை. "இந்த நிறம் கலக்க எனக்கு வராது," என்றார் பெயின்டர், யாரிடமும் இல்லாமல். பிறகு அவளிடம், "இறங்கிட்டு வர எவ்வளவு நேரமாகும்?"

"நம்மகிட்ட இல்லாத நேரம்."

"கால் நனைக்க மட்டும்?"

"இல்லங்க."

அவர் தலையாட்டினார். பனி மறுபடி மூடும்வரை மூவரும் நின்று பார்த்தோம். மணி ஆனது. அவரே சட்டைப் பையின் பொத்தானைக் கழற்றி மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார். அவள் தண்ணீர் கொடுத்தாள்.

திரும்பி முதலில் இறங்கியவர் அவர்தான். அவள் பின்னால் போனாள். அவர் நின்ற இடத்திலெல்லாம் அவளும் நின்றாள்.