ராணிக்கு இத்தா

இங்கிலாந்து ராணி இறந்ததற்கு எங்கள் அரசாங்கமும் ஒருநாள் துக்கம் அறிவித்து விடுமுறை விட்டது. அந்த நாளில் நான் இத்தாவில் இருந்தேன். கணவர் மவுத்தானால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல், வெள்ளை உடுத்து வீட்டோடு இருக்க வேண்டும். நாடு ஒரே நாளில் துக்கத்தை முடித்துக்கொண்டது. எனக்கு இன்னும் இரண்டு மாதம் கிடந்தது.

உண்மையைச் சொன்னால், வீட்டோடு இருக்கச் சொன்னதில் எனக்குக் குறையே இல்லை. பாரிசவாதத்தில் விழுந்த மனிதரை ஆறு வருடம் புரட்டிப் படுக்கவைத்து, கழுவி, ஊட்டி, என் முதுகு ஒடிந்து போயிருந்தது. ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்த அன்று அழுகை வரவில்லை, நித்திரைதான் வந்தது. சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்தும் விட்டேன். எங்கள் ஊர் கரைத்தீவுக்கு அது போதும். "கண்ணில ஒரு சொட்டுத் தண்ணி இல்ல" என்ற கதை அந்தி மஃரிபுத் தொழுகைக்கு முன்பே கடைசி வீடு வரை போய்ச் சேர்ந்தது. கொண்டுபோனவர், நான் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரர் என்பதும் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லாம் முதலில் என் கண் சிவந்திருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். அழுது தொலைப்போம் என்று நானும் முயன்று பார்த்தேன். கொட்டாவி வந்தது.

விடுமுறை என்பதால் ஆசிரியையான என் மகள் அன்று வீட்டில் இருந்தாள். களப்புக்கு அக்கரையில் நுரைச்சோலையில் மின்சாரம் செய்தும் எங்களுக்குக் கரண்ட் வெட்டுப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. அன்று என்னவோ கரண்ட் இருந்தது. மகள் டீவியைப் போட்டாள். ஏதோ குளிர்நாட்டு அரச குடும்பத்தைப் பற்றிய ஆங்கிலப் படம், கீழே சிங்கள எழுத்து. அரசர் இறந்துவிடுகிறார். ராணி மாளிகையை விட்டு வெளியே வருகிறாள் இல்லை. வாசல் படலைக்கு வெளியே சனம் பூவோடு திரண்டு நின்று, ராணி அழவில்லை என்று முணுமுணுக்கிறது. எழுத்தை வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்த மகள், உலை பொங்கவும் அடுப்படிக்கு ஓடினாள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ராத்தா உள்ளே வந்தார். இத்தா வீட்டில் படச் சத்தம்! தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"என்ன படம்?" என்றார்.

"ராசா மவுத்தாம், ராத்தா."

மவுத்து என்றதும் அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். திரையில் சனம் கூச்சல் போட்டது.

"என்னத்துக்குக் கத்துறானுகள்?"

"ராணிய வெளிய வரட்டாம். அவ அழல்லையாம்."

ராத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த மனுசி இத்தாவில இருக்கு. எப்பிடி வெளிய வரும்? அறிவில்லாத சனம்!"

அவர்களுக்கு இத்தா கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் காட்சி மாறியது. ராணி கறுப்பு உடுப்போடு கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொகத்தப் பாரு. எத்தின நாள் நித்திர முழிச்சுப் புருசனப் பாத்துச்சோ," என்றார் ராத்தா. "அழல்லையாமே! அழுறதுக்கும் ஒடம்புல தெம்பு வேணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நானும் ஆறு வருசம் நித்திர கொள்ளல்ல, ராத்தா. என்னப் பத்தி நீங்க ஊரெல்லாம் என்ன சொன்னீங்க?"

ராத்தா எழுந்து டீவியை நிறுத்தினார்.

"போய்ப் படு புள்ள," என்றார். கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் போட்டு உட்கார்ந்தார்.

அறைக்குள் போய்ப் பாயில் சாய்ந்தேன். கண் செருகும்போது வாசலில் பெண்களின் குரல் கேட்டது. யாரோ ஆறுதல் சொல்ல வந்திருந்தார்கள்.

"இப்பப் பாக்கேலாது," என்றார் ராத்தா. "உள்ளுக்க கெடந்து அழுதுக்கிட்டு இருக்கா. பொறகு வாங்க."

நான் மறுபக்கம் புரண்டு படுத்தேன். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் நித்திரை கொண்டேன்.